எங்கள் ஆற்றுக்குப் பூஜ்யம்

வியன்னா

அன்புள்ள அப்பாவுக்கு, துராத்தா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் சுகம்தான்.

அலுவலகத்தில் ஒரு சின்னச் சண்டை. வேலை போகவில்லை, பயப்படாதீர்கள். நம் ஆற்றில் அணை கட்டலாமா என்று கணக்குப் போடுவது எங்கள் கம்பெனிதானாம். ஆளனுப்பி நம் ஊரில் கேட்டு எழுதி வாங்கிய படிவங்கள் என் மேசைக்கே வந்தன. 'ஆறு இப்படியே ஓடுவதற்கு வருடம் எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்ற கேள்விக்கு நேரே பூஜ்யம். கீழே உங்கள் கையெழுத்து!

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? "எங்க ஆத்துக்கு நாங்க எதுக்குய்யா காசு கொடுக்கணும்?"

மேலாளர் சிரிக்கிறார். "பூஜ்யம்னா அவருக்கு ஆறு தேவையில்லைன்னு அர்த்தம், துராத்தா."

"அது எங்க சொத்துங்கறார், சார்!" என்று கத்திவிட்டேன்.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கடிதத்தில் எழுதினீர்களே, படிவத்தோடு கேள்வி கேட்க வந்த ஆள், நம் வீட்டில் மூன்று கோப்பை ராக்கிச் சாராயம் குடித்துவிட்டு அந்தப் பூஜ்யத்தைப் போட்டிருக்கிறான், நன்றிகெட்டவன்!

மலைத்தேநீர் இலை ஒரு கட்டு பஸ்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். இந்த ஊர்த் தண்ணீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் அந்தப் படிவக்காரன் மறுபடி வருகிறான். ராக்கி ஊற்றுங்கள். குடிக்க விடுமுன், "இதுக்கு எவ்வளவு தருவே?" என்று கேளுங்கள். "விருந்தாளிக்கு ஊத்தினதுக்கு எப்படிங்க விலை சொல்றது?" என்று நெளிவான். அதையே பூஜ்யத்துக்குப் பதிலாகப் படிவத்தில் ஆற்றுக்கு நேரே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
துராத்தா