முப்பத்திரண்டு சதவீதத்தில் நிற்கும் போன்

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று நாற்பது ஜாக்கெட்டுக்குக் கை வைத்தேன். கடைசி ஆறையும் பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டாள் சூப்பர்வைசர் சோன்கா. தப்பு என்னுடையதுதான். கண் ஊசியில் இல்லை, மடியில் இருந்த போனில் இருந்தது. எங்கள் ஃபேக்டரியில் வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ள எனக்கு மட்டும்தான் அனுமதி. அதையும் நானே கெடுத்துக்கொள்வேன் போல.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த அறிவிப்பு வந்தது. மகள் பில்யானாவின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அவளுடைய போனுக்குச் சுகர் அளவை அனுப்புகிறது. அங்கிருந்து எனக்கு வருகிறது. அந்த ஆப்பைச் செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: மார்ச் 10 முதல் பழைய சிஸ்டம் உள்ள போன்களில் இது வேலை செய்யாது, போனை அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

செய்துகொண்டால் போயிற்று என்று வீட்டுக்கு வந்ததும் அவள் போனை வாங்கி அழுத்தினேன். இறங்கியது. அணைந்தது. ஒரு பட்டை மெல்ல நிரம்பி முப்பத்திரண்டு சதவீதத்தில் நின்றது. இருபது நிமிடம் அப்படியே. பிறகு பழைய முகத்தோடே எழுந்து வந்து, ‘அப்டேட் நிறுவப்படவில்லை’ என்றது. ஏன் என்று சொல்லவில்லை.

மற்ற பிள்ளைகளுக்குச் சுகர் இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். என் மகளுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. சிரித்துக்கொண்டே இருப்பாள், அப்படியே சரிவாள். அக்டோபரில் பள்ளிப் படிக்கட்டில் அதுதான் நடந்தது. பத்து வயது.

பிப்ரவரி 18, புதன்

மூன்று முறை. முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு.

பிப்ரவரி 20, வெள்ளி

போனில் இடம் இல்லாததால் இருக்கலாம் என்று எங்கோ படித்தேன். இருவரும் சோஃபாவில் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தோம். ஆயிரத்துக்கு மேல் படம். பாதி, அவளும் தோழிகளும் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவது.

“அம்மா, இது மட்டும் வேண்டாம்.”

“இதே மாதிரி இன்னும் நாப்பது இருக்குடி.”

“இதுல என் நாக்கு நீலம்.”

நீல நாக்கும் போயிற்று. விளையாட்டுகள் எல்லாம் போயின. அவள் அழவில்லை, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதிப் போன் காலி. அப்டேட் அதே இடத்தில் நின்றது.

உதவி எண்ணுக்குப் பேசினேன். முக்கால் மணி நேரம் இசை. பிறகு ஒரு பெண்.

“மேடம், சார்ஜ் அம்பதுக்கு மேல இருக்கா?”

“நூறு இருக்கு.”

“வைஃபை?”

“இருக்கு.”

“தேதி, நேரம் சரியா இருக்கா பாருங்க.”

“எல்லாம் சரியா இருக்கு. அப்டேட் மட்டும்தான் ஆகல.”

“அப்ப ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்.”

அவள் பாவம், எதிரே இருக்கும் தாளைப் படிக்கிறாள்.

என் போன் அந்த ஆப்பின் பட்டியலிலேயே இல்லை. அவளுடையதைப் பார்க்க மட்டும்தான் என்னுடையது உதவும். புதிது வாங்கும் யோசனையை எழுதக்கூட வேண்டாம்.

பிப்ரவரி 21, சனி

சந்தைக்குப் பின்னால் போன் பழுது பார்க்கும் ஓக்னியானிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விளக்கு, வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை.

“வச்சிட்டுப் போம்மா, திங்கக்கிழமை வாங்கிக்க.”

“வச்சிட்டுப் போக முடியாதுண்ணே. இந்தப் போன் இவ பக்கத்துலயே இருக்கணும்.”

பில்யானா சட்டைக் கையைத் தூக்கிச் சென்சாரைக் காட்டினாள். ஓக்னியான் விதையைத் துப்பிவிட்டு முக்காலி இரண்டை இழுத்துப் போட்டார். மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பனீத்சா என்ற சீஸ் அப்பம் வாங்கித் தின்றோம். அவர் வயரைச் செருகி, தன் கம்ப்யூட்டரில் எதையெதையோ பார்த்தார். பிறகு நெற்றி விளக்கை அணைத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றுவது போல இருந்தது.

“இந்தப் போனை யாரோ திறந்திருக்காங்கம்மா.”

“ஸ்க்ரூவையா?”

“உள்ளே. சிஸ்டத்தை. கம்பெனி போட்டு அனுப்பின பூட்டை உடைச்சு வேற என்னமோ ஏத்தியிருக்காங்க. புது அப்டேட் வந்து பார்க்குது, இது நம்ம வீடு இல்லைன்னு திரும்பிப் போயிடுது. முப்பத்திரண்டுல அதுதான் நடக்குது.”

“என்ன ஏத்தியிருக்காங்க?”

“இங்கேருந்து எதையோ வேற ஒருத்தருக்கு அனுப்புது. யாருக்குன்னு எனக்குத் தெரியாது.”

சரிசெய்ய ஒரே வழி: எல்லாவற்றையும் துடைத்து, கம்பெனியின் சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றுவது. ஆனால் அப்போது கையிலிருக்கும் சென்சாரும் செத்துவிடும். எந்தப் போனில் தொடங்கியதோ அந்தத் தொடர்பு அறுந்தால் மறுபடி சேராது. அலமாரியில் மிச்சம் ஒன்றுதான். அரசாங்கத்திலிருந்து அடுத்தது ஏப்ரலில் வரும். துடைத்த பிறகு போன் எழுந்திருக்குமா என்று கேட்டேன்.

“பெரும்பாலும் எழுந்துக்கும்,” என்றார்.

பெரும்பாலும்!

மார்ச் 1, ஞாயிறு

காலையில் ஒருவர் கையில் ஒருவர், மார்ச் பிறந்தால் கட்டும் சிவப்பு வெள்ளை நூலைக் கட்டிக்கொண்டோம். கட்டும்போதே கேட்டேன். ஒரு வாரமாகக் கேட்க நினைத்து விழுங்கிக்கொண்டிருந்தது.

“இந்தப் போனை நம்ம ரெண்டு பேரைத் தவிர யாராவது வச்சிருந்தாங்களா?”

“அப்பாதான். கொடுத்த அன்னைக்கு. ஆகஸ்ட்ல.”

“எவ்வளவு நேரம்?”

“ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து என்னைப் பார்க்குல விட்டுட்டு, ஒரு ஃபிரெண்டு கடைக்குப் போயிட்டு வந்தார். சரிபண்ணணும்னார்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாம்மா?” என்றாள்.

யாவோர். வேறு யார்.

மார்ச் 3, செவ்வாய்

நாட்டின் விடுதலை நாள், விடுமுறை. வெளியே பாண்டு வாத்தியம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கொதிக்கிறேன்.

சென்ற ஜூனில் அவன் பெயரை ஆப்பிலிருந்து நான்தான் நீக்கினேன். ஆம், நீக்கினேன். எண் கொஞ்சம் இறங்கினால் போதும், ஜெர்மனியின் ஏதோ ஒரு சாலையிலிருந்து லாரியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவான். “என்ன கொடுத்த அவளுக்கு? எத்தனை யூனிட் இன்சுலின் போட்ட?” ஒரு நாளில் பதினொரு அழைப்பு. மிஷினில் உட்கார்ந்து நான் தைப்பதா, அவனுக்குக் கணக்குச் சொல்வதா? விவாகரத்து ஆன பிறகும் என் சமையலறையில் நின்று எட்டிப் பார்ப்பது போல. நவம்பரில் அவன் எண்ணையே என் போனில் பிளாக் செய்தேன்.

அதற்குப் பழிவாங்கினானா? என்னென்ன பார்த்திருக்கிறான்? நாங்கள் பேசுவதையுமா? குழந்தை கையில் ஒற்றனைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அதனால் இப்போது அவளுடைய உயிரே போனோடு சேர்ந்து முப்பத்திரண்டில் நிற்கிறது. படுபாவி.

பில்யானாவின் போனிலும் அவனை பிளாக் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவிடம் பேச முடியாது. காரணம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா கூப்பிடவில்லை என்றாள். அவருக்கு வேலை இருக்கும் என்றேன். என் வாயிலிருந்து அவனுக்காக ஒரு பொய்.

மார்ச் 10, செவ்வாய்

காலை 9:12. எண் இருந்த இடத்தில் ஒரு கோடு.

மார்ச் 11, புதன்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலைக் குத்திச் சுகர் பார்க்கச் சொல்லி வகுப்பு ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன். பள்ளி நர்ஸ் செவ்வாயும் வியாழனும்தான் வருவார். மற்ற நாள் பில்யானாவே குத்திக்கொண்டு எனக்கு எழுத வேண்டும். பத்து மணிக்கு 6.2 என்று வந்தது, நல்ல அளவுதான். பன்னிரண்டுக்கு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டரைக்கும் இல்லை. கழிப்பறையில் போய் நின்று பள்ளிக்குப் போன் செய்தேன். “விளையாடிக்கிட்டு இருந்தேன், மறந்துட்டேன்மா” என்றாள். நான் கத்தினேன். கழிப்பறைக்கு வெளியே எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

துடைக்கலாமா வேண்டாமா? துடைத்து எழுந்திருக்காவிட்டால்? துடைக்காமல் ஏப்ரல் வரை ஓட்ட முடியுமா? ஓக்னியான் தவிர யாரைக் கேட்பது? என்னதான் பண்றது நான்?

மார்ச் 12, வியாழன்

தெரியாத வெளிநாட்டு எண்கள். காலையிலிருந்து மூன்று. விற்பனைக்காரர்களுக்கு வேறு நேரமே கிடையாது. கட் செய்தேன்.

மார்ச் 13, வெள்ளி

எழுத வரவில்லை. ஆனால் எழுதாமல் படுக்கவும் முடியாது.

பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு. உடற்பயிற்சி வகுப்பில் பந்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாளாம். வாத்தியார் “போடு பந்தை” என்றாராம். அவரைப் பார்த்துச் சிரித்தாளாம். பிறகு விழுந்தாள்.

நான் எழுந்தது நினைவிருக்கிறது. நூல் அறுபடாமல் ஜாக்கெட்டும் என்னோடு வந்தது. சோன்கா கத்தரியால் அறுத்தாள். “மிஷினை நான் பார்த்துக்கறேன். நீ ஓடு. ஓடுடி!” என்றாள்.

ஆம்புலன்ஸ் எனக்கு முன்பே வந்திருந்தது. 1.9. நான்குக்குக் கீழே வந்தாலே பயப்பட வேண்டும். மருந்து ஏற்றியிருந்தார்கள். அவள் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. ஒரு நிமிடமா, இரண்டா? பிறகு, “அம்மா, பந்து எங்கே?” என்றாள்.

நாளை துடைக்கிறோம். எழுந்தால் எழட்டும்.

மார்ச் 14, சனி

ஓக்னியான் கடையைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். பில்யானா தானே கையிலிருந்த பழைய சென்சாரைப் பிய்த்துப் போட்டாள். அவர் வயரைச் செருகினார். துடைத்தார். ஒரு மணி நேரம். போன் எழுந்தது! நான் அவர் தோளைத் தட்டிவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது திரையில் நின்றுவிட்டது. ‘இந்தப் போனின் முந்தைய உரிமையாளரின் கணக்கில் நுழையவும்.’ கீழே பாதி மறைத்த ஒரு முகவரி, யா என்று தொடங்குவது.

“இது யாரும்மா?” ஓக்னியானின் குரல் மாறியிருந்தது. “திருட்டுப் போனுக்கு இங்கே வேலை செய்யறதில்லை.”

“இவ அப்பா.”

“அப்ப அவரைக் கூப்பிடு. அவர் இல்லாம இதை ஆண்டவனாலயும் திறக்க முடியாது.”

நாலு மாதம் கழித்து அந்த எண்ணை விடுவித்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“இருக்காளா?” என்றான்.

ஹலோ இல்லை, யார் என்று இல்லை. “இருக்காளா, ஸ்லத்தீனா? சொல்லிடு. இருக்காளா?”

“பக்கத்துலதான் நிக்கிறா.”

மறுமுனையில் லாரிகளின் சத்தம். அதற்குள் வேறொரு சத்தம். அவன் அழுது நான் கேட்டதில்லை, முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன்.

“நாலு நாளா நம்பர் வரலை. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணியோட நின்னு போச்சு. அவ போன் எடுக்கல, உன் போன் எடுக்கல. இங்கே மூணு டிரைவர்கிட்ட போன் வாங்கிக் கூப்பிட்டேன், கட் பண்ணிட்ட. நான் என்ன நினைக்கிறது? சரக்கை ஆஸ்திரியாவுல இறக்கிப் போட்டுட்டு ஊருக்கு வந்துக்கிட்டு இருக்கேன்.”

அந்த மூன்று எண்கள்.

பதிமூன்று நாளாகத் தயாரித்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “ஒளிஞ்சு பார்த்தியே, கேட்டிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டேன்.

“கேட்டேனே. எத்தனை தடவை கேட்டேன்! நம்பர் மட்டும்தான் பார்த்தேன், சத்தியமா வேற ஒண்ணும் இல்ல. வண்டி ஓட்டும்போது பக்கத்துல அது இருந்தா, அவ பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி.”

“அதனாலதான் அப்டேட் ஏறலை. அதனாலதான் நேத்து விழுந்தா.”

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னேன்.

பிறகு, “என்ன வேணும், சொல்லு,” என்றான்.

பாஸ்வேர்ட் அவனுக்கு நினைவில்லை. ஐந்து சொன்னான், ஐந்தும் தப்பு. கடைசியில் அவன் போனுக்கு ஓடிபி வரவழைக்க வேண்டியதாயிற்று. அவன் படித்தான்: “நாலு, ஒண்ணு, ஏழு...” லாரி ஹாரன். “ஏழா, ஒன்பதா?” நேரம் முடிந்தது. மறுபடி. பில்யானா என் கையிலிருந்து போனை வாங்கி, “அப்பா, மெதுவா, ஒவ்வொண்ணா,” என்றாள். அவளே கேட்டு அவளே அழுத்தினாள். திறந்தது.

அப்டேட் ஏறும்போது யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஓக்னியான் ஒரே ஸ்க்ரூவைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு?” என்று கேட்டான் யாவோர்.

“முப்பத்தி ஒண்ணு.”

“இப்ப?”

“முப்பத்தி மூணுப்பா!” என்று கத்தினாள் பில்யானா.

மார்ச் 15, ஞாயிறு

கடைசிச் சென்சார் அவள் கையில். காலை 5.8.

யாவோர் வந்தான். மூன்று நாள் தாடி. கதவுக்கு வெளியேயே நின்றான். உள்ளே வா என்று நான் சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு நிமிடமும் பில்யானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று யாவோரின் முறை. வார நாட்களில் எண்ணை நான் பார்ப்பேன். சனி, ஞாயிறு லாரி ஓய்வில் நிற்கும்போது அவன் பார்ப்பான். எழுதி வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவன் முறையில் நான் கேட்கக் கூடாது, என் முறையில் அவன் கூப்பிடக் கூடாது. இதுவரை இரண்டு முறை மீறியிருக்கிறோம், ஆளுக்கு ஒன்று.

பில்யானா தோழி வீட்டில். மதியம் என் போனை வீட்டு மேசைமேலேயே வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். டான்யூபில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ரொமேனியப் பக்கத்திலிருந்து ஒரு சரக்குப் படகு மெதுவாகக் கடந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப் போயிருக்கிறேன்.

விழித்தபோது எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மணி கேட்டேன். ஆறேகால் என்றார்.

நான் வந்தது மூன்று மணிக்கு.