சுவரில் ஒரு வெறும் ஆணி

இயேசு மரி சூசை துணை

முட்டம்,
செவ்வாய்க்கிழமை காலை.

கடல் தாண்டி இருக்கும் என் பேரன் லிஜோவுக்கு அம்மச்சி எழுதுவது.

முதலில் நல்ல சேதி. உன் தங்கை அபினா நர்சிங் முதல் வருஷம் பாஸாகிவிட்டாள். அனாட்டமியில் காலேஜிலேயே அவள்தான் முதல் மார்க். மனுஷ உடம்பில் இருநூற்றாறு எலும்பு என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். உன் மாமா மகள் பிரிஜாவுக்கு அஞ்சுகிராமத்தில் பேங்க் வேலை கிடைத்திருக்கிறது, கண்ணாடி அறைக்குள் தனி நாற்காலி. அவள் தம்பி மறைக்கல்விப் போட்டியில் இரண்டாவது. முதலாவது வந்தது ஒரு உபதேசியார் மகள். வீட்டிலேயே வேதம் கேட்டு வளர்ந்த பிள்ளையைக் கணக்கில் சேர்க்க முடியுமா? அதனால் நம் பையன்தான் முதலாவது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு நீ. பத்தொன்பது வயதில், வள்ளம் கவிழ்ந்த அன்று, உன் கூட்டாளி பெனிஷைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறை வரை நீந்தி வந்தவன். அதற்கு யாரும் சர்ட்டிபிகேட் தரவில்லை. நான் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை அபினா போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஈரானில் குண்டு விழத் தொடங்கியதிலிருந்து நாங்கள் அனுப்பிய எதற்கும் ஒற்றை டிக்தான். இன்றோடு பதினொரு நாள். நீ மீன் பிடிக்கப் போகிற போட்டு அங்கே தீவில் கட்டிக் கிடக்கிறதா, கடலில் நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. என்றைக்கு லைன் வருகிறதோ அன்றைக்குப் படி. அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, சிரிக்காதே.

இனி மறைக்காமல் சொல்கிறேன். மேட்டில் நீ கட்டிய வீட்டுக்கு நாங்கள் மாறிவிட்டோம். நீ வந்து வலது காலை வைக்காமல் யாரும் அங்கே குடியேறக் கூடாது என்று சொன்னவள் நான்தான். போன வியாழக்கிழமை கடல் ஏறி அடித்தது. அடுக்களைச் சுவர் பாதி போனது. அரிசிப் பானைக்குள் உப்புத் தண்ணீர். அப்போதும் உன் அம்மா செசிலி டிவி முன்னால் இருந்து எழும்பவில்லை. பாதத்தைத் தண்ணீர் நனைக்கிறது, அவளோ எந்த ஊரில் ஏவுகணை விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கண்டுதான் என் வாக்கை மாற்றினேன். கோபப்படாதே.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உன் கூட்டாளிகள் வினோஜும் பெனிஷும் வந்துவிட்டார்கள். உன்னோடு ஐடிஐ படித்த குளச்சல் ஃபஹீம் டெம்போ கொண்டுவந்தான். அவன் உம்மா எங்களுக்குப் பசியாற இடியப்பமும் கறியும் கொடுத்துவிட்டிருந்தாள். ஜும்மாவுக்கு முன்னால் மூன்று நடை ஓட்டி முடித்துவிட்டான். பீரோவைத் தூக்கும்போது பெனிஷ், "அம்மச்சி, தாத்தாவ இதுக்குள்ளயா வச்சிருக்கிய, இந்தக் கனம் கனக்கு" என்றான். "லே, தாத்தா இருந்தா ஒன்னையும் சேத்து அவரே தூக்கியிருப்பாரு, வாய மூடிட்டு நட" என்றேன். உன் அம்மாகூடச் சிரித்தாள். குண்டு விழத் தொடங்கிய பிறகு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டிவியைக் கடைசி நடையில்தான் கழற்ற விட்டாள். மேட்டு வீட்டில் முதலில் மாட்டியதும் அதைத்தான், அடுப்பு அதற்குப் பிறகுதான். பழைய வீட்டுக் கதவில் அபினாவைக் கொண்டு கரியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்: லிஜோ, மேட்டு வீட்டில் இருக்கிறோம். போன் இல்லாமல் நீ நேரே வந்து நின்றால் திகைத்துப் போவாய் அல்லவா? வீட்டை ஜெபம் செய்து மந்திரிக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிடவில்லை. அது நீ வந்த பிறகு.

அன்று மத்தியானம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. பையன்கள் முன்னறைச் சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் உன் அம்மாவும் அடுக்களையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தோம். திருஇருதயப் படத்துக்குக் கீழே உன் தாத்தா படம், அவர் இறந்த அன்றிலிருந்து அதற்கு மேல் எரிகிற சிவப்பு சீரோ பல்பு. பக்கத்து ஆணியில் வினோஜ் உன் பெரிய படத்தை மாட்டியிருக்கிறான், பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டோமே, அதை. மூலை இருட்டாக இருக்கிறது, லிஜோ முகம் தெரியட்டும் என்று வயரை இழுத்து உனக்கும் ஒரு பல்பு போட்டுவிட்டான். பாசத்தில் செய்தது. நம் கரையில் யார் படத்துக்குப் பல்பு எரியும் என்று அந்த நேரம் அவனுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் கட்சிக்கார ஏசுஅடிமை நாலு பேரோடு வந்தார். ஈரானில் மாட்டிக்கொண்டவர்கள் பெயரை எழுதி கலெக்டருக்கு மனு கொடுக்கிறார்களாம். வாசலில் கால் வைத்தவர் சுவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "எப்பம்மா சேதி வந்துது?" என்றார்.

அவர்தான் உன்னைப் பற்றிச் சேதி கொண்டுவந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். "சுத்தி வளைக்காத, சொல்லிரு" என்றேன். "எனக்கு என்ன தெரியும், ஒங்களுக்குத்தான..." என்று அவர் இழுத்தார். அடுக்களை வாசலில் உன் அம்மா கையிலிருந்து குத்துப்போணிப் பாத்திரம் விழுந்து உருண்டது. அபினாதான் முதலில் சுவரைப் பார்த்தாள். "வினோஜண்ணா, லிஜோண்ணனுக்கு எதுக்கு பல்பு போட்டிய!" என்று அலறினாள். வினோஜ் வெறும் கையால் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, படியில் உட்கார்ந்து தேம்பி அழுதான். "நீ அழுதா அது அதவிட மோசம் மக்கா, எழும்பி சாயா குடி" என்று சொன்னேன். நீயும் அவனிடம் ஒன்றும் கேட்காதே.

ஏசுஅடிமை மன்னிப்புக் கேட்டார். கேட்ட வாயால் உன் படத்தையும் கேட்டார். மீனவரை மீட்டுத் தா என்று ஜங்ஷனில் பேனர் வைப்பார்களாம், நடுவில் நீ, மேலே அவர்கள் தலைவர். தேர்தல் வருவது எனக்கும் தெரியும். பெயரை எழுதிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள், மனுவில் கையெழுத்தும் போடுகிறேன், படம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நம் ஜங்ஷனில் கண்ணீர் அஞ்சலி பேனரும் அதே அளவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த கட்சிக்காரர்கள் வந்து, படத்தை ஏசுஅடிமைக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான்.

அந்தப் படத்தைச் சேலையில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டேன். உன் அம்மாவால் இனி அதைப் பார்க்க முடியாது, பல்பும் சேர்ந்துதான் தெரிகிறதாம். ஆணியைப் பிடுங்கட்டுமா என்று வினோஜ் கேட்டான், வேண்டாம் என்றாள். இப்போது அந்த வெறும் ஆணிக்குக் கீழேதான் நாற்காலி போட்டு டிவி பார்க்கிறாள்.

மக்கா, முட்டத்து மாதாவிடம் உன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். உன் நெற்றியில் போடுகிற சிலுவையை இந்தக் காகிதத்தின் ஓரத்தில் போட்டிருக்கிறேன், பார்.

இப்படிக்கு,
உன் அம்மச்சி
மிக்கேலம்மாள்

லைன் வந்த உடனே புதிதாக ஒரு போட்டோ எடுத்துப் போடு. கோட்டு வேண்டாம், தலை சீவ வேண்டாம், வலை மேல் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஜன்னல் வெளிச்சம் படுகிற சுவரில் மாட்டுவேன். போனில் கிடக்கிற பழைய படம் எதையும் அனுப்பிவிடாதே. எடுத்த தேதி அதிலேயே தெரிய வேண்டும்.