மை பூசிய ஞாயிறு

அருவங்காடு,
20-1-2025

அன்புள்ள சுகுணாவுக்கு,

நலம். நீயும் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, சொல்வதை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். குவார்ட்டர்ஸில் தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறது. சாப்பாடு பாக்டரி கேன்டீனில் ஓடுகிறது.

ஒரு உதவி வேண்டும், திட்டாதே. பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை எங்கள் முகாம் தொடங்குகிறது. பதினேழு, திங்கள் வரை. ஊட்டி தாண்டி சோலூர் பக்கம் பிராங்ளினுக்குத் தெரிந்த ஒருவர் தன் தோட்டத்து மேட்டு நிலத்தைக் கொடுத்திருக்கிறார். இந்த முறை நடிப்பது 1943-ஆம் வருஷம். பர்மா எல்லைக்குப் போகக் காத்திருக்கும் சிப்பாய்கள் நாங்கள். துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டு விளையாடுகிறோம் என்று உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்கிறாராம். ஒரு தடவைகூட நாங்கள் சண்டை போட்டதில்லை. அந்தக் காலத்துச் சிப்பாய் எப்போது எழுந்தான், என்ன தின்றான், கிழிந்த காலுறையை எப்படித் தைத்தான், அதைத்தான் செய்து பார்க்கிறோம். போன், டார்ச், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே கிடையாது. பன்னிரண்டு பேருக்குச் சமையல் இந்த முறையும் என் பொறுப்பு.

நடுவில் ஒரு நாள் தபால் நாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக் கடிதம் கொடுப்பார்கள். போன முறை எல்லோருக்கும் வந்தது. எனக்கு மட்டும் இல்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். ஒரு சிப்பாயின் மனைவி எழுதுவதுபோல எனக்கு ஒரு கடிதம் எழுதேன். குன்னூரில் பிராங்ளின் வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் போதும். கேப்டன் வேஷம் அவன்தான். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான், அதனால் ரொம்பக் கொஞ்சிவிடாதே.

உன்
ரவி


ஸ்ரீமதுரை,
27-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதினாறு வருஷம் நிஜமாகவே உங்கள் பெண்டாட்டியாக இருந்தேன். இப்போது வேஷத்துக்கும் என்னையே கூப்பிடுகிறீர்கள். வாசுகி அண்ணி, "ஏன் அம்மிணி, உங்க பட்டாளத்துக்காரருக்கு லீவு எப்பவாம்?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறாள்.

இங்கே எல்லோரும் சுகம். போன வாரம் யானை வந்து பக்கத்துத் தோட்டத்து வாழையை எல்லாம் சாய்த்துவிட்டது. அண்ணன் இஞ்சி தப்பித்தது.

பன்னிரண்டு பேருக்குச் சமைப்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நான் படுத்திருந்தபோது, எனக்குக் கஞ்சி வைக்க அண்ணி இங்கிருந்து பஸ் மாறி மாறி வந்தாள். நீங்கள் பக்கத்து அறையில் முகாம் சீருடையின் பித்தளைப் பொத்தானுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் எழுந்து நடப்பதற்குள் முகாமுக்குக் கிளம்பிவிட்டீர்கள். கேட்டதற்கு, "முன்னாடியே பேர் குடுத்தாச்சு" என்றீர்கள். உங்களுக்குச் சமைக்கத் தெரியும் என்பதே அந்த முகாம் போட்டோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

போகட்டும். எழுதுகிறேன். உங்கள் பெயரைக் கூப்பிடும்போது கை நீட்டி வாங்க ஒன்று இருக்கட்டும். வேஷத்துக்கு ஒத்துவராது என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சட்டைக்குள்ளே போட்டுக்கொள்ளுங்கள். சோலூர்க் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது.

உங்கள்
சுகுணா


▇▇▇▇▇▇▇,
▇▇▇▇▇▇

பட்டாளத்தில் இருக்கும் அன்புள்ள கணவருக்கு,

நான் சௌக்கியம். தாங்கள் சௌக்கியமாக இருக்கச் சாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அரிசிக்குப் பெரிய கஷ்டம். மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறோம். உங்கள் சட்டை ஒன்று கொடியில் கிடக்கிறது. எடுத்து மடித்து வைக்க மனசு வரவில்லை.

இத்தனை நாளும் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக இருக்கவும் பிடிக்கவில்லை. வயிற்றுத் தையல் நன்றாக ஆறிவிட்டது, தண்ணீர்க் குடம்கூடத் தூக்குகிறேன். நாம் இரண்டு பேரும் இன்னொரு தடவை சேர்ந்து இருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ▇▇▇▇▇▇ ▇▇▇▇ காலை ▇▇▇▇ மணி பஸ்ஸில் ▇▇▇▇▇▇▇ வந்து இறங்குகிறேன். நீங்கள் அங்கே நின்றால் உங்களோடு வீட்டுக்கு வருகிறேன். பழைய பேச்சை எடுக்க மாட்டேன். நீங்கள் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் சுலபமாக இருக்கிறது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சுகுணா


முகாமிலிருந்து,
12-2-1943

என் அருமை மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெயர் கூப்பிட்டதும் நான் கத்திய கத்தலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உனக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சிப்பாய்களுக்கு வரும் கடிதத்தில் ஊர், தேதி, நேரம் எதுவும் எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் மை பூசிவிடுவார்களாம். பிராங்ளினும் அப்படியே செய்திருக்கிறான். அந்தக் கருப்புக் கட்டங்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் எப்போது வருகிறாள், எங்கே வருகிறாள் என்று தெரியாமல் ஒரு சிப்பாய் இப்படித்தானே தவித்திருப்பான்!

அடுப்படியில் வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என்னோடு ரொட்டி தட்டும் நவநீதன் அழுதேவிட்டான். வயிற்றுத் தையல் மட்டும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை என்று பிராங்ளின் குறை சொன்னான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீ இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இரவு பருப்பும் ரொட்டியும். கை நிறைய மாவு, இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் சிப்பாய்
ரவிச்சந்திரன்


ஸ்ரீமதுரை,
22-2-2025

மாமாவுக்கு,

1943-இல் நீங்கள் எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.

மை பூசிய இடத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: பதினாறாம் தேதி ஞாயிறு, காலை பதினோரு மணி பஸ், அருவங்காடு. நான் வந்தேன். முகாம் திங்கள்தான் முடியும் என்று தெரிந்தேதான் ஞாயிறு என்று எழுதினேன். எனக்காக ஒரு நாள் முன்னால் கிளம்புவீர்களா என்று பார்க்க ஆசை. அது தப்பென்றால் தப்புத்தான்.

பேக்கரி முன்னால் நின்றேன். உங்கள் செக்ஷன் கீர்த்திவாசன் சார் பார்த்துவிட்டு, "ஊட்டுக்கு வந்துட்டீங்களா? வாங்க, வண்டியில விட்டர்றேன்" என்றார். வர்க்கி வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காக அரைக் கிலோ வாங்க வேண்டியதாயிற்று. வர்க்கி வாங்கக் கூடலூர் தாண்டி ஸ்ரீமதுரையிலிருந்து வருவார்களா? மத்தியானம் வரை நின்றேன். அப்புறம் எதிர்ப்பக்கம் போய் ஊட்டி பஸ் ஏறினேன்.

மை பூசியது உங்கள் குற்றமில்லை. பாவம், பிராங்ளின் அண்ணன் குற்றமுமில்லை. மீதி எல்லாவற்றையும் உங்களால் படிக்க முடிந்ததே. தையல் ஆறியது யாருக்கு மாமா? 1943-இல் இருந்தவளுக்கா? அதைப் படித்துக் காட்டி அத்தனை பேரையும் அழவைத்திருக்கிறீர்கள். நீங்கள் ஒருவர் எழுந்து ஊட்டிக்கு வந்து ஒரு போன் போட்டிருக்கலாம்.

சுகுணா


அருவங்காடு,
27-2-2025

என் சுகுணாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. பிராங்ளினைப் போனில் கண்டபடி திட்டினேன். அவன் அழுதுவிட்டான். அவனை எதற்குத் திட்டினேன் என்று பிறகு வெட்கமாக இருந்தது.

உன் முகாம் கடிதத்தை எடுத்து பல்புக்கு முன்னால் பிடித்தேன். மை மேலோடு மட்டும்தான். ஞாயிறு, பதினோரு மணி, அருவங்காடு, எல்லாம் உன் கையெழுத்தில் தெளிவாகத் தெரிகிறது. முகாமிலும் நல்ல வெயில்தான் அடித்தது, சுகுணா. ஒரு தடவை தூக்கிப் பிடித்திருந்தால் அன்றைக்கே படித்திருப்பேன். எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அந்த மை பிடித்திருந்தது. எங்கே, எப்போது என்று தவிப்பது பிடித்திருந்தது. அதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

சீருடை, பாத்திரம், கம்பளி எல்லாவற்றையும் பிராங்ளின் வீட்டில் போட்டுவிட்டு வந்தேன். இனி எனக்கு முகாம் கிடையாது. நேற்று வீட்டில் சாதமும் தக்காளி ரசமும் வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாமல் மீந்துவிட்டது. உனக்கு நான் ஒரு நாள் கஞ்சி வைத்திருக்கலாம். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் செய்யவில்லை.

வருகிற ஞாயிறோ, அடுத்ததோ, நீ சொல்லும் நாளில் கூடலூர் வருகிறேன். நீ சொல்லும் இடத்தில் நிற்கிறேன். ஒரு வரி எழுது, போதும்.

உன்
ரவி


ஸ்ரீமதுரை,
8-3-2025

மாமாவுக்கு,

வர வேண்டாம்.

முகாமையும் விட வேண்டாம். சாமான்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மனுஷரோடு எனக்குப் பழக்கம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கூடலூரில் ஒரு பள்ளி விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கள் முதல் போகிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வரவில்லையே என்று அன்று நான் அழவில்லை. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஊட்டி வரும்வரை அந்த நிம்மதியை நினைத்துத்தான் அழுதேன்.

சுகுணா