கூடும், கூடாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பலமுறை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். ஆராய்ச்சிக்காரி கையில் காகிதம் கிடைத்தால் படிக்காமலா இருப்பாள்!

உங்கள் நிலத்தடி நீர்த் துறையின் ஆணை வந்த மறுநாளே பம்ப் ஹவுஸுக்கு சீல் வைத்துவிட்டார்கள். மோட்டாரை நான்தான் நிறுத்தினேன். இத்தனை வருஷம் கேட்ட சத்தம் நின்றதும் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், வேலை கொடுக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்கிறார்.

இப்படியே கிணறுகளை இறைத்தால் கடல் உள்ளே நுழைந்து உப்பு ஏறக்கூடும் என்று உன் அறிக்கையில் எழுதியிருந்தாய். ஏறும் என்றே எழுதித் தொலையேன் என்றேன். உறுதியாகத் தெரியாததை அப்படி எழுத முடியாதுப்பா என்றாய். நகராட்சித் தலைவர் அதைப் படித்துவிட்டு, "கூடும்னா ஏறவும் செய்யலாம், ஏறாமலும் போகலாம். அப்புறம் பாத்துக்கலாம்" என்று மேஜைக்குள் போட்டார். பிறகு நீயே அந்தத் துறைக்கு வேலைக்குப் போனாய். பின்னாலேயே, உன் அறிக்கையை வைத்து, இனி இறைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. கூடும் என்றபோது கொட்டாவி விட்ட ஊர், கூடாது என்றதும் காலிக் குடத்தோடு நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

அவர்கள் மேலும் தப்பில்லை பாப்பா. ஆற்றிலிருந்து புதுக் குழாய் வரும் என்று ஆணை சொல்கிறது. தெருவில் ஒரு பள்ளம்கூடத் தோண்டவில்லை. தண்ணீர் லாரி ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. இதை மட்டும் உன் மேலதிகாரி காதில் போட்டு வை. பொறுமையாகச் சொல், உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

லாரி வரிசையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. முடிவெட்டுகிறவர்கூட வாயைத் திறக்காமல் விரலால் என் தலையைத் திருப்புகிறார். உன் அம்மா இருந்திருந்தால் ஊருக்கே சேர்த்து அவள் ஒருத்தி பேசியிருப்பாள்.

நேற்று தலைவர் வீட்டுக்கே வந்தார். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, பம்பைத் திறந்துவிடுங்கள் என்று ஊர் சார்பில் ஒரு மனு. "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்ணே. பெத்த அப்பாவே சொல்லிட்டாருன்னா மேல இருக்கறவங்க யோசிப்பாங்க. நீங்களே போய் ஸ்விட்சைப் போடலாம்" என்றார். பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

கடைசி நாள் பிடித்த கிணற்றுத் தண்ணீர் உள்ளே ஒரு குடத்தில் கொஞ்சம் இருந்தது. அவரை உட்காரவைத்துவிட்டுப் போய் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உப்பே தெரியவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். நல்ல தண்ணீர்தான் என்றது நாக்கு. நாக்குக்குத் தெரிகிறபோது கிணறு நம் கையை விட்டுப் போயிருக்கும் என்று நீ ஒருமுறை சொன்னாய். வெளியே வந்து, மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "எம்பொண்ணு அளந்து பாத்திருக்கா" என்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை.

அவர் போன பிறகு கதவைச் சாத்தத் தோன்றவில்லை. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் திறந்தே வைத்திருந்தேன்.

அப்பன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று கூசித்தான் நீ போனை எடுப்பதில்லை. எனக்குத் தெரியாதா? அதை நாம் பேசவே வேண்டாம். உப்பைப் பற்றியும் வேண்டாம். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். இந்த ஊரில் என்னிடம் அதைக் கேட்க ஆளில்லை.

உன் அப்பா