நான்கு மணிச் செபமாலை, ஐந்து மணி நாடகம்

நெஞ்சின் உள்ளறையையும் அறிந்தவரே, பெருமையால் வீங்கிய சொல்லை என் நாவிலிருந்து அகற்றி, உள்ளதை உள்ளபடி எழுத இந்த முதியவனின் கைக்குத் துணை நில்லும்.

என் அன்புக்குரிய அக்கா,

உங்கள் ஓராண்டு நினைவுத் திருப்பலி சென்ற ஞாயிறு நிறைவேறியது. பூசை முடிந்து எல்லோரும், நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், உங்கள் வீட்டிலேயே கூடினோம். உங்கள் மகள் ரெஜினா ஒருவரையும் விடாமல் அழைத்திருந்தாள். உங்களைப் போலவே தேநீரில் சீனியை அள்ளிப் போடுகிறாள்.

நீங்கள் போன பின் நம் வெள்ளிக்கிழமைச் செபமாலை நின்றுவிட்டது. அதை மீண்டும் தொடங்க வேண்டும் என்பதே என் ஏக்கம். வந்திருந்த பெண்களை ஒரு நல்ல பேச்சால் உருக வைத்து வரவழைத்துவிடலாம் என்று எண்ணி, உங்கள் படத்துக்கு முன்னால் எழுந்து நின்றேன். அந்தப் பேச்சை நினைக்கும்போது இன்னும் முகம் எரிகிறது.

வெள்ளிதோறும் மாலை நான்கு மணிக்கு நான் புறநகர் சார்செலிலிருந்து ரயிலேறி வந்து, உங்கள் முன்னறையில் செபமாலை நடத்திய காலத்தை எடுத்துரைத்தேன். குளிர் தொடங்கினால் கூட்டம் கரைந்து நீங்களும் நானுமே மிஞ்சுவோம். உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி அறை நிரம்பி வழியும். வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை எண்ணிக்கொண்டுதான் உள்ளே வருவேன். பனியில் உறைந்த உள்ளங்கள் உயிர்ப்பின் ஒளியில் இளகிய அற்புதம் அது என்று ஒரு வெண்பாவும் கட்டி வைத்திருந்தேன், அக்கா. அதையும் பாடினேன்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஒரு மார்கழி வெள்ளியன்று மன்றாட்டு மாலையின் நடுவே உங்கள் கண்கள் நிறைந்து வழிந்ததைச் சொன்னேன். அந்தக் கண்ணீரைத் தேவதாயே துடைத்திருப்பாள் என்று குரல் தழுதழுக்க முடித்தேன்.

பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. கீழ்த்தளத்து மரக்கறிக் கடைப் புனிதம், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, சும்மா இருங்கோ" என்று ரெஜினா அடக்கப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, என்னத்துக்குச் சிரிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. அண்டைக்கு நாடகத்தின்ரை கடைசி நாள் எல்லே! இந்த ரோட்டு முழுக்கக் கடையை விட்டிட்டு ரீவிக்கு முன்னாலை இருந்தது. அக்கா மட்டும் உங்களோடை இருந்து செபம் சொன்னவ. அழாமல் என்ன செய்வா?"

"அப்ப உயிர்ப்புக்கு வந்த சனம்?"

"அது மணிக்கூடு மாத்தினதாலை வந்த சனம் அண்ணை!"

அறையே குலுங்கியது. உங்கள் படமும் சிரிப்பதுபோல் இருந்தது.

பிறகு அவர்கள் எனக்கு விளக்கினார்கள். சென்னையில் குடும்பமாய்க் கூடும் நேரம் பார்த்து இரவு எட்டரைக்கு வைத்த நாடகம், செய்மதித் தொலைக்காட்சி வழியே அதே நேரத்தில் இங்கும் வந்தது. கோடையில் அது நமக்கு மாலை ஐந்து மணி. ஐப்பசியில் குளிர்காலத்துக்காக இந்த நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியதும் நான்கு மணி. என் செபமாலையோ ஆண்டு முழுவதும் நான்கு மணி. பங்குனிக் கடைசியில் முள் மீண்டும் முன்னே போனதும், பெண்கள் நான்குக்கு வந்து செபம் சொல்லிவிட்டு, ஐந்துக்கு உங்களோடு அமர்ந்து நாடகம் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை அத்தியாயத்தில்தான் பெரிய முடிச்சைப் போட்டுத் திங்கள் வரை தவிக்க விடுவார்களாம்; அதை எவரும் தவறவிட மாட்டார்களாம். எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்று அளக்கச் சென்னையில் கருவி வைத்திருந்தார்கள். லா சப்பலில் உங்கள் வாசல் சப்பாத்துகளே அந்த அளவுகோல். நான் அதை என் போதனையின் பலன் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்துக்குச் சற்று முன்னால், "தம்பி, ரயிலுக்கு நேரமாச்சு, வெளிக்கிடு" என்று என் பையை எடுத்து நீட்டுவீர்களே! அக்கறை என்றல்லவா நினைத்தேன்?

ஒருமுறை கேட்டீர்கள்: "குளிருக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் பிந்தி வைப்பமோ தம்பி?" விண்ணகத்துக்குக் கோடை நேரமும் குளிர்கால நேரமும் இல்லை என்றேன். அழகான வாக்கியம் என்று எனக்குள் மகிழவும் செய்தேன். நீங்கள் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் மேல் ஒரு துணியைப் போர்த்தினீர்கள்.

குளிர்கால வெள்ளிகளில், நான் போன பிறகு புனிதம் தொலைபேசியில் கதை சொல்ல, நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்களாம். கடைசி நாளின் கதையை மட்டும் சொல்லவேண்டாம் என்றீர்களாம். "எப்பவாவது நானே பாப்பன்" என்றீர்களாம். கதையில் வீட்டை விட்டுக் கலைக்கப்பட்ட மூத்த மருமகள் திரும்பி வந்தாளா என்று அறியாமலே போய்விட்டீர்கள்.

அந்தக் கண்ணீர் அவளுக்காகவா? என் பிடிவாதத்தாலா? இல்லை, மெய்யாகவே மன்றாட்டில் கரைந்தீர்களா? வேதமும் செய்யுளும் கற்ற எனக்கு, எதிரே இருந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அன்று அந்த அறையில் எதையேனும் காணிக்கையாகக் கொடுத்தவர் நீங்கள் ஒருவரே.

சிரிப்பு அடங்கியது. இனி எந்த முகத்தோடு இவர்களைச் செபத்துக்கு அழைப்பது? தலையைக் குனிந்தபடி கேட்டேன்: "எத்தினை மணிக்கு வைச்சால் உங்களுக்கு வசதி, பிள்ளையள்?"

இத்தனை காலத்தில் முதன்முறையாகக் கேட்கிறேன், அக்கா.

"ஆறரைக்கு வைப்பம் அண்ணை" என்றாள் புனிதம். "நாடகம் இப்ப போனிலை எந்த நேரமும் பாக்கலாம், அதாலை கரைச்சல் இல்லை. ஆனால் ஒண்டு, செபம் முடிஞ்ச கையோடை நீங்கள் ரயிலுக்கு ஓடப்படாது."

ஓடமாட்டேன். இந்த ஞாயிறு மறுபடியும் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புகிறார்கள். அடுத்த வெள்ளி ஆறரைக்குச் செபமாலை. அந்தக் கடைசி அத்தியாயத்தை ரெஜினா எங்கோ தேடிப்பிடித்து வைத்திருக்கிறாள். செபம் முடிந்ததும் உங்கள் தொலைக்காட்சியின் மேல் கிடக்கும் துணியை நானே எடுப்பேன். உங்கள் நாற்காலியை வெறுமையாக விட்டு, பெண்களோடு நானும் அமர்ந்து இறுதிவரை பார்ப்பேன். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியோடு வந்து, அந்த மருமகள் வந்தாளா இல்லையா என்று உங்களுக்குச் சொல்வேன். ஒன்றும் விடாமல் சொல்வேன், அக்கா. போதனை எதையும் சேர்க்காமல்.

இதை வாசிக்கும் அன்பர்களே, உங்களுக்காக எதையோ பேசாமல் விட்டுக்கொடுப்பவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவரையும் உங்களையும், உங்கள் இல்லத்து அடுப்பையும் விளக்கையும் ஆண்டவர் காத்து ஆசீர்வதிப்பாராக.

வெட்கத்தோடும் மாறாத அன்போடும்,
உங்கள் உடன்பிறந்த தம்பி,
சூசைப்பிள்ளை