ஸ்காட்லாந்து அம்மாவை நான் விசாரித்த கதை

என் அருமை மச்சான் முத்தையாவுக்கு,

தெமோதரைச் சந்தியில் ஓடும் மூன்று சக்கர ரதங்களுக்கெல்லாம் தலைவனும், உன் பெண்டாட்டி காமாட்சியின் ஒரே அண்ணனுமாகிய நான், கோயில் இருக்கும் திசை பார்த்து நின்று சத்தியம் செய்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் வரும் கதையை ஊவா மாகாணத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. நீ உயிரோடு இருந்தபோதே நான் சொன்னதில் எதை நம்பினாய்? பதுளை ரோட்டில் ஒரு சிறுத்தை கைகாட்டி என் வண்டியை நிறுத்தி வாடகை பேசியது என்று சொன்னேன். "சில்லறை வச்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாய்.

அங்கே எப்படி இருக்கிறாய்? சாப்பாடு சும்மாவா போடுகிறார்கள்? சும்மா என்றால் கொஞ்சம் யோசி மச்சான். யார் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு இலையில் உட்கார். நான் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டேன். காரணம் உன் மகள்.

தர்ஷினி உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டாள். காமாட்சி இன்னும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள். முழங்கால் மட்டும் வேலை நிறுத்தம் செய்து கொண்டிருக்கிறது. பக்கத்து ஊரான எல்லவில் வெள்ளைக்காரர்கள் இப்போது தேயிலைச் செடியை விட நெருக்கமாக முளைத்திருக்கிறார்கள். அவர்கள் போனில் அனுப்பும் கேள்விகளுக்கும் முறைப்பாடுகளுக்கும் ஆங்கிலத்தில் பதில் எழுத அங்கே ஒரு ஹோட்டலுக்கு ஆள் தேவை என்று தெரிய வந்தது. எழுத்துப் பரீட்சை வைப்பார்களாம். உன் மகள் ஆங்கிலம் வாசிப்பாள், கேட்டால் புரிந்துகொள்வாள். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை கல்லாகிவிடும்.

காமாட்சி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ஹோட்டல் வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம். கிடைக்காவிட்டால், தீபாவளி கழிந்ததும் ஏஜென்சிக்காரர் காட்டும் நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. அவளுக்கு மட்டும் அனுப்ப ஆசையா மச்சான்? ஒழுகுகிற லயத்து வீட்டுக் கூரைக்கு அவள் வேறு என்ன பதில் சொல்வாள்?

பதுளையில் போய்ப் படிக்க வசதி இல்லை. "போன்லயே படிச்சுக்கிறேன் மாமா, எல்லாம் ஃப்ரீ" என்றாள் தர்ஷினி. அந்த ஒரு சொல்லில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. கொழுந்து மடுவத்தில் நீ நிறுக்கப் போனபோது கூடைக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று எவ்வளவு கழித்தார்கள்? நிறுப்பதே நம்மிடம் கழிப்பதற்குத்தான் என்று தெரிந்து வளர்ந்த சனம் நாம். ஒருவன் சும்மா தருகிறான் என்றால் எதையோ கழிக்கப்போகிறான் என்றுதானே அர்த்தம்?

சிக்னல் கிடைப்பது கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் மட்டும். மத்தியானம் அங்கே போய் உட்காருவாள். நானும் வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் காவலுக்குப் போவேன். எளிய ஆங்கிலத்தில் எழுதிய செய்திகளை வாசிப்பாள், பிறகு பார்க்காமல் தன் வார்த்தையில் எழுதுவாள். வீடியோவில் ஒரு டீச்சரம்மா பாடம் நடத்துவார். அவர் குரலைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாறைக் குரங்குகள் எல்லாம் வாழைப்பழம் பிடுங்குவதற்கு முன்னால் ஆங்கிலத்தில் அனுமதி கேட்க ஆரம்பித்துவிட்டன.

எழுதியதைப் போனுக்குள் இருக்கும் ஒரு இயந்திரத்தில் போட்டால் அது பிழைக்கெல்லாம் சிவப்புக் கோடு போடும். உன் மகள், அம்மா விடியுமுன் எழும்புகிறாள் என்று எழுதியிருந்தாள். அதை அழகுபடுத்துகிறேன் என்று சொல்லி, அம்மா விடியலின் அழகை ரசிக்கிறாள் என்று மாற்றிவிட்டது! காமாட்சி விடியலை ரசித்ததை நீ என்றைக்காவது கண்டிருக்கிறாயா? அன்றிலிருந்து தர்ஷினியும் கொஞ்சம் உஷாரானாள். கோடு போட்டால் ஏன் என்று பார்ப்பாள். காரணம் புரியாவிட்டால் மாற்றமாட்டாள். என் இரத்தம் கொஞ்சம் அவளிடம் ஓடுகிறது என்று அப்போது ஆறுதல்பட்டேன்.

ஆறுதல் நீடிக்கவில்லை. இணையத்தில் வேறொரு பக்கத்தைக் கண்டுபிடித்தாள். நாம் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டால் ஆங்கிலக்காரர் யாராவது திருத்தித் தருவாராம். பதிலுக்கு அவர் எழுதும் தமிழை நாம் திருத்த வேண்டுமாம். அவளுக்கு ஒருத்தி வாய்த்தாள்.

"யாரு புள்ள இது?"

"மார்கரெட்னு ஒரு அம்மா, மாமா. ஸ்காட்லாந்து."

"ஸ்காட்லாந்தா!" பாறையிலிருந்து நான் உருண்டு விழுந்த சத்தம் பண்டாரவளை வரை கேட்டது. "அந்தக் காலத்துத் தோட்டத் தொரமாருல பாதிப் பேரு அங்கேருந்து வந்தவன்தானே? போன சனம் திரும்பி வருது புள்ள. மொதல்ல தமிழ் படிக்கும். அப்புறம் பங்களாவுல வந்து உக்காரும்."

"அவங்களால மாடிப்படியே ஏற முடியாதாம் மாமா. இந்த மலைக்கு எங்க ஏறப்போறாங்க?"

"அப்ப எதுக்குத் தமிழ் படிக்குது?"

"மகன் கட்டியிருக்கிறது யாழ்ப்பாணத்துப் பொண்ணாம். சம்பந்தியம்மாகூடப் பேசணுமாம்."

மச்சான், நீயே சொல். சம்பந்தியோடு பேச்சை நிறுத்துவதற்கு வழி தேடும் மனிதர்களைக் கண்டிருக்கிறேன். பேசுவதற்காக ஒரு புது மொழியையே படிக்கிற மனுஷி உலகத்தில் இருக்க முடியுமா? சந்தேகம் எனக்குள் அப்போதே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டது.

புது ஆள் ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்போம். அது தொண்டையில் இறங்குமுன் எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யார் வீட்டு ஆள், என்ன காரியமாக வந்தது என்று கேட்டு முடிப்போம். அந்த வழக்கத்தை நான் ஸ்காட்லாந்து வரைக்கும் நீட்டினேன். போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுப்பவன் நான். ஆகவே என் விசாரணை முடியாமல் வேறு ஒரு வரி எழுதக்கூடாது என்று கட்டளை இட்டேன்.

"இப்புடிக் கேட்டா கோவிச்சுக்குவாங்க மாமா."

"கோவிச்சா கள்ளி. கோவிக்காட்டி பெருங்கள்ளி. எந்த லயம்னு கேளு."

"அங்க லயம் இல்ல மாமா."

"லயம் இல்லாத ஊரா? பக்கத்து வீட்டுச் செவரும் இவங்க வீட்டுச் செவரும் ஒன்னுதானான்னு கேளு."

மறுநாள் பதில் வந்தது. தர்ஷினி வாசித்துவிட்டுச் சிரித்தாள். "ஒரே செவருதானாம் மாமா. வரிசையா ஒட்டுன வீடாம். பக்கத்து வீட்டுக்காரர் இருமுறதுகூட இவங்களுக்குக் கேக்குமாம்."

"பாத்தியா? லயந்தான். மறைச்சிருக்கா!"

அதன் பிறகு விடுவேனா? புருஷன் என்ன வேலை பார்த்தான், மழை எந்த மாதம், மகன் அம்மாவைப் பார்க்க வருகிறானா, குலசாமி உண்டா, திருத்திக் கொடுக்க ஏன் காசு கேட்பதில்லை என்று தினமும் கேள்வி கொடுத்தேன். என் கேள்விகளைச் சுமந்து போய் கடலுக்கடியில் இருக்கும் கம்பி சூடேறி, அம்பாந்தோட்டையில் மீனெல்லாம் வெந்தே கரை ஒதுங்கியது.

நான் கரடுமுரடாகக் கேட்டதை எல்லாம் உன் மகள் மரியாதையாக ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்த அம்மா திருத்தி அனுப்புவார். இது கேட்பவரைக் குத்தும், இப்படிக் கேட்டால் குத்தாது என்று காரணமும் எழுதுவார். தமிழில் யோசித்து மாற்றாமல் சின்னச் சின்ன வாக்கியமாக நேரே எழுது, பிழை வந்தால் வரட்டும், எழுதியதை வாய்விட்டு வாசி என்பார். தர்ஷினி திருத்தத்தைப் படித்துவிட்டு மூடி வைப்பாள். மறுநாள் பார்க்காமல் திரும்ப எழுதி, எங்கே தடுக்கியது என்று ஒப்பிடுவாள். பதில்கள் நீண்டன. அதனால் இவள் எழுத்தும் நீண்டது. என் சந்தேகம் மட்டும் குறையவே இல்லை.

ஒருநாள் அந்த அம்மா தன் சொந்தத் தமிழில், கோணல் கோணலாக, எனக்கே எழுதியிருந்தார். "மாமா, இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் யார் வீட்டு ஆள்?" திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்றாள் தர்ஷினி. பாறையைச் சுரண்டிக்கொண்டே, "முத்தையா வீட்டு ஆளுன்னு எழுது" என்றேன்.

பிறகு ஏஜென்சிக்காரர் வந்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முழுக்கைச் சட்டை, வாய் நிறைய அண்ணே. "நாங்களும் கொஸ்லந்தப் பக்கந்தாண்ணே. நம்ம சனந்தான்" என்றார். நான் ஓடிப்போய் வடை வாங்கி வந்தேன். காமாட்சி தேத்தண்ணி ஊற்றினாள். "நல்ல வீடுண்ணே. புள்ளைய ராணி மாதிரி வச்சிருப்பாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட காமாட்சி பேனாவையும் எடுத்துவிட்டாள்.

அப்போது தர்ஷினி என்னைப் பார்த்துச் சொன்னாள். "மார்கரெட் அம்மா வீட்டுச் செவரு வரைக்கும் கேட்டீங்களே மாமா. இவருகிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களா?"

மேய்ந்துகொண்டிருந்த கோழிகூட ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டது. கண் காணாத இடத்திலிருந்து ஒரு கிழவி பிழை திருத்தினால் அவள் மேல் அத்தனை சந்தேகம். நம் பேச்சைப் பேசிக்கொண்டு வந்து பிள்ளையையே கேட்பவனுக்கு வடை. இது எந்த ஊர் நியாயம் மச்சான்?

"தம்பி, எந்த வீடு? எத்தன பேரு?" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அங்க போனதும் சொல்லுவாங்கண்ணே."

"லீவு நாள் உண்டா? போன் புள்ள கையில இருக்குமா?"

"போய்ப் பேசிக்கலாண்ணே."

"ஒத்துவரலன்னா யாரு திருப்பிக் கூட்டிட்டு வர்றது?"

"எல்லாம் ஒரு நம்பிக்கதாண்ணே."

காமாட்சி எழுந்தாள். அவர் கையிலிருந்த பாதித் தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுக்கிட்டு வாங்க தம்பி" என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் அதன் பிறகு எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஹோட்டல் மட்டும்தான். காமாட்சி ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

பரீட்சைக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். கொழும்பில் படித்த பிள்ளைகளெல்லாம் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே முறைப்பாட்டைக் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார்கள். தோட்டத்துப் பக்கம் நடக்கப் போன வெள்ளைக்காரரை அட்டை கடித்துவிட்டது, படுக்கை விரிப்பெல்லாம் இரத்தம், அதற்கு என்னிடமே காசு கேட்கிறீர்கள், உங்களைப் பற்றி ஊரெல்லாம் எழுதப்போகிறேன் என்று கோபம். நான் வெளியே வண்டிக் கண்ணாடியைத் துடைப்பது போல உள்ளே நோட்டம் விட்டேன். துடைத்த துடைப்பில் கண்ணாடி தாளாக மெலிந்துவிட்டது. எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். நம்ம பிள்ளை கொஞ்சம்தான் எழுதினாள்.

கடைசியில் மேனேஜர் அம்மா, பண்டாரவளைப் பெண், வெளியே வந்தாள். "எல்லாரும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காங்க. இந்தப் பொண்ணு மட்டுந்தான் ரத்தம் நின்னுச்சா, நடக்கப் போகுமுன்ன அட்டையப் பத்தி எங்க ஆளுங்க யாராவது சொன்னாங்களான்னு கேட்டிருக்கு. அடுத்த தடவ காலுல சவுக்காரம் பூசிட்டுப் போங்கன்னும் எழுதியிருக்கு. எங்க படிச்சேம்மா?"

"ஸ்காட்லாந்துல ஒரு அம்மா திருத்திக் கொடுத்தாங்க மேடம்" என்றாள் தர்ஷினி. "கேள்வியெல்லாம் எங்க மாமாவோட சந்தேகம்."

நான் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய், சம்பளம், வேலை நேரம், திரும்பி வரும் பஸ், குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று மேனேஜர் அம்மாவை விசாரித்தேன். ஒன்று விடாமல் பதில் சொன்னாள். ஒருத்தி இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்கிறாள் என்றால், அவள் மேலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டியதுதானே?

வைத்திருக்கிறேன் மச்சான், கவலைப்படாதே. உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி நம் வாசலுக்கு வருகிறவர் எந்தப் பேச்சுப் பேசினாலும் கேட்காமல் விடமாட்டேன். பஸ் தவறினால் வண்டியை எடுத்துக்கொண்டு எல்லவுக்குப் போய் நிற்பேன்.

இந்தக் கதையில் பாதியை மூடுபனியில் போடு, மிச்சத்தை ஓடையில் போடு. ஆனால் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். அதை மட்டும் நம்பு. உன் மகள் காலையில் வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் தாய்மாமனும்
உன் வீட்டு ஆளுமாகிய
மச்சான்