ஷமீம் மேடத்துக்கு அனுப்பிய எண்பத்து நான்கு

ஆடி, செவ்வாய்

காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வாழைத்தோட்டத்தில்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: கிராமச் செவிலியர் படிப்பு மாணவி தரணியாகிய என் போனில் இன்று காலை ஓர் ஆப் குடியேறியது. பால் காய்ச்சவில்லை.

செய்த வேலையை உடனே அதில் அனுப்பணும். சேலத்திலிருந்து எங்கள் வழிகாட்டி ஷமீம் மேடம் பதில் சொல்வார். பச்சை டிக் விழுந்தால் திங்கட்கிழமை பிரசவ அறை. விழாவிட்டால் ஆப்பு.

ரூம்மேட் கோகிலாவின் ரிங்டோனைக் குழந்தை அழுகையாக மாற்றினேன். சோப்பு நுரையோடு ஓடிவந்தாள். "உனக்கெல்லாம் யாருடி டிக் போடுவா?"

புதன்

வெயில். பரமத்தி வேலூர் பக்கம், சுகாதார நிலையம்.

சங்கீதா அக்கா, எட்டாம் மாதம். வயிற்றில் குழல் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணினேன். முதல் முயற்சியிலேயே கிடைத்தது. 84. அனுப்பினேன். போண்டா வாங்கினேன்.

வாயில் வைப்பதற்குள் மேடத்தின் போன்.

"தரணி, எம்பத்தி நாலு கொழந்தைக்கு ரொம்பக் கம்மி. அந்தப் பொண்ணு போயிட்டாளா?"

"மாத்திரை வரிசைல நிக்கிறாங்க மேடம்."

"கூட்டிட்டு வந்து படுக்க வை. சிஸ்டரையும் கூப்பிடு. அவ நாடியப் புடிச்சுக்கிட்டே திரும்பக் கேளு. ரெண்டும் ஒண்ணாத் துடிச்சா நீ எண்ணுனது அம்மாவோடது."

திரும்பப் படுக்க வைத்ததும் சங்கீதா அக்கா முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, கொழந்தைக்கு ஏதாச்சுமுங்களா?"

சிஸ்டரைக் கூப்பிட்டுவிட்டு அக்காவின் நாடியைப் பிடித்தேன். நாடியும் குழலும் ஒரே தாளம். குழலைக் குழந்தையின் முதுகுப் பக்கம் நகர்த்தினேன். அதோ, குடுகுடுவென்று வேறொன்று. 140. சிஸ்டரும் கேட்டார்.

"நல்லா இருக்குது சாமி, எந்திரிங்க."

சங்கீதா அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டே என்னிடம்: "அப்ப இத்தன நேரம் எம்பட நெஞ்சையா எண்ணீட்டு இருந்தீங்க?"

போண்டா ஆறிப்போச்சு. ருசியாக இருந்தது.

வியாழன்

தூறல். மேடத்தின் குரல் பதில்.

"நாடியப் புடிக்காம எண்ணுனது தப்பு. ஆனா கேட்டத மாத்தாம அனுப்புனே பாரு, அதான் அந்தக் கொழந்தைய உடனே பாக்க முடிஞ்சுது. நெறையப் பேரு புத்தகத்துல இருக்கறத எழுதிடுவாங்க. திங்கட்கிழமை வா."

பச்சை டிக்.

ஹாஸ்டல் முழுக்கப் போட்டுக் காட்டினேன். நேர்மைக்கு இன்னொரு பெயர் தரணி என்று மெஸ்ஸில் அறிவித்தேன்.

கோகிலா: "நூத்தி நாப்பதுன்னு போட்டிருந்தா யாருக்குத் தெரியும்? ஏண்டி போடல?"

ரசம் ஊற்றிக்கொள்ள எழுந்து போய்விட்டேன்.

குழந்தையின் துடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று நேற்றுவரை எனக்குத் தெரியவே தெரியாது.